முகம் நீக்காத வடு

காலை பத்து பத்துக்கு ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் பின்னங்களை ஊற்றினார்கள். பத்து பதினாலுக்கு முடிந்துவிட்டது.

முப்பத்தாறு பிள்ளைகளும் வார்ப்புக் குல்லாவை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் முப்பத்தாறு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. முப்பத்தாறு இடது கைகளும் எழுந்து நெஞ்சின் இடப்பக்கத்தைப் பொத்திக்கொண்டன. சிலர் உதட்டைக் கடித்தார்கள். ஒரு பையனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் குல்லாவைக் கழற்றி மேசைக்கடியில் இருந்த கொக்கியில் மாட்டினார்கள். இனி அவர்கள் சாகும்வரை அரையையும் மூன்றில் ஒன்றையும் தப்பாகக் கூட்ட மாட்டார்கள்.

“எதுக்கு டீச்சர் எல்லாரும் நெஞ்சுல கை வச்சோம்?” என்று மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெண் கேட்டாள்.

“அது அப்படித்தான். உக்காரு, மூணாவது பெஞ்சு ஓரம்,” என்றாள் கணக்கு ஆசிரியை திருமொழி.

அவளுக்குக் காரணம் நன்றாகவே தெரியும். அந்தக் கை அவளுடைய கை. அந்தக் கூச்சம் அவளுடைய கூச்சம். பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஜூலையிலும் தன் அவமானத்தை முப்பத்தாறு நெஞ்சுகளில் பார்த்துக்கொண்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று கவனித்துக்கொண்டு நிற்கிறாள். இதற்குச் சம்பளமும் வாங்குகிறாள் என்றால், மனுஷி எவ்வளவு பொறுமைசாலி என்று நினைப்பீர்கள். பொறுமை இல்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஒருவர் ஒன்றில் தோற்று, அந்தத் தோல்வியிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டால், மூளையில் ஒரு வடு விழுகிறது. அந்த வடுவை அச்செடுத்து இன்னொருவர் மூளையில் ஊற்றலாம் என்று இருபத்தாறு வருடத்துக்கு முன் கண்டுபிடித்தார்கள். இயந்திரத்துக்கு வடுவார்ப்பி என்று பெயர். தோற்காமலே தோல்வியின் பாடம் கிடைத்துவிடும். பாடத்துக்கு ஒரு நல்ல ஆழமான தோல்வி இருந்தால் போதும், மாநிலம் முழுவதும் ஊற்றிவிடலாம். டுடோரியல் கல்லூரிகள் இழுத்து மூடப்பட்டன. துணைத்தேர்வு என்ற சொல் அகராதிக்குப் போய்ச் சேர்ந்தது. மே மாதம் வந்தால் பெற்றவர்கள் பிள்ளையின் அறைக்கதவை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது நின்றது. அந்த ஒன்றுக்காகவே வடுவார்ப்பியைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் ஆசிரியர்களுக்கு வேலை போய்விட்டது. ஆள் போகவில்லை, வேலைதான் போனது. யாரும் தப்புப் போடாத வகுப்பில் திருத்த என்ன இருக்கிறது? வருகையைக் குறித்துவிட்டு விளக்கைப் பார்க்க வேண்டியதுதான். பிள்ளைகளின் பெயரைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாமல் போயிற்று. திருமொழி பெஞ்சு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

பின்னங்களுக்குத் தேர்வான தோல்வி அவளுடையது என்பது தோல்வி நீக்கத் துறைக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். துறையின் ஏட்டில் அவள் ‘மூலம் நூற்றுப்பன்னிரண்டு’.

தோற்றபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு. கணக்கு வாத்தியார் கோமதிநாயகம் விடைத்தாள் கொடுப்பதற்கு என்று ஒரு முறை வைத்திருந்தார். மற்றவர்கள் அதிக மதிப்பெண்ணில் ஆரம்பிப்பார்கள். இவர் கடைசியில் இருந்து ஆரம்பிப்பார். முதலில் யார் பெயரைக் கூப்பிடுகிறாரோ அவர் மேடையேறி நிற்க வேண்டும். செய்த தப்பை வாத்தியார் வரிவரியாகப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் வகுப்பு முழுவதும் சேர்ந்து சரியான விடையைக் கத்த வேண்டும். எல்லாத் தாளும் கொடுத்து முடியும்வரை அந்த ஆள் மேடையில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் விடைத்தாளை அவரே நாலாக மடித்து, குண்டூசியால் சட்டையில் குத்திவிடுவார். வீட்டில் கையெழுத்து வாங்கும்வரை கழற்றக் கூடாது.

அன்று முதலில் கூப்பிட்ட பெயர் திருமொழி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னதற்கு அவள் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். “ஐந்தில் இரண்டாம்!” என்று வாத்தியார் படித்தார். “ஆறில் ஐந்து!” என்று வகுப்பு கத்தியது. ஏழு முறை படித்தார், ஏழு முறை கத்தியது. பிறகு குண்டூசி. நெஞ்சின் இடப்பக்கம் தொங்கிய தாளை இடது கையால் பொத்திக்கொண்டு அப்படியே டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். கண்டக்டர் தாளைக் குனிந்து படித்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து பள்ளி முடிக்கும்வரை அவளுக்கு ‘அஞ்சுல ரெண்டு’ என்றுதான் பெயர். ஊர்த் திருவிழாவில்கூட அப்படிக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் துறையிலிருந்து ஆட்கள் கருவியோடு பள்ளிக்கு வந்தார்கள். இருநூறு பிள்ளைகளின் வடுவை அளந்து பார்த்து, இவளுடையதுதான் ஆழம் என்றார்கள். அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அவமானப்பட்ட கணக்கையே எடுத்துப் படித்து ஏன் கணக்கு ஆசிரியை ஆனாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: அந்த மனுஷனை ஒருநாள் மேடையேற்ற வேண்டும்.

ஏழு ‘பி’க்குப் பின்னம் ஊற்றிய அடுத்த மாதம், ஆகஸ்டில், துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நகலுக்கு மேல் நகல் எடுத்து வடு மெலிந்துவிட்டதாம். புதுப்பிக்க வேண்டுமாம். மூலம் நேரில் வர வேண்டும். வடு விழுந்த நேரத்தில் இருந்த ஆசிரியர் உயிரோடு இருந்தால் அவரும் வர வேண்டும். அவரைப் பார்த்தால் பழைய வடு நன்றாகக் கிளறிக்கொள்ளும். கடிதத்தின் கீழே இன்னொரு செய்தியும் இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக நாற்பது லட்சம் மாணவர்களைத் தப்பில்லாமல் கூட்ட வைத்த தோல்விக்குக் காரணமான திரு. கோமதிநாயகம் அவர்களுக்கு, அன்னாரின் கற்பித்தல் ஆழத்தைப் பாராட்டி, மூலாசிரியர் விருது வழங்கப்படும். பாளையங்கோட்டையில் விழா. பன்னிரண்டு மாணவர்கள் மாலை அணிவிப்பார்கள். மூலத்தின் பெயர் எங்கும் வெளியிடப்படாது.

திருமொழி அதை இரண்டு முறை படித்தாள். குத்தியவருக்கு மாலை, குத்து வாங்கியவளுக்கு எண். பல்லைக் கடித்துக்கொண்டு கடிதத்தோடு வந்த விதிமுறைப் படிவத்தையும் படித்தாள். ஒன்பதாவது விதியில் அவள் விரல் நின்றது. அன்று ராத்திரி சாப்பாடு ருசியாக இருந்தது.

வார்ப்பு நிலையத்தில் கருவியைக் கையாள்பவர் பெயர் எபனேசர். ஐம்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர்.

“முதல்ல அவர் வந்ததும் அஞ்சு நிமிஷம் பேசுங்க டீச்சர். அது வடுக்கிளறல். அப்புறம் குல்லா. நாலு நிமிஷத்துல முடிச்சு அனுப்பிருவேன். ஆமா, முகநீக்கிக்கு ஒரு கையெழுத்து வேணும்லா.”

“முகநீக்கி என்ன பண்ணும்?” தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“வடுவுல வாத்தியார் மூஞ்சி, குரல் எல்லாம் ஒட்டிட்டு வரும். அதைத் துடைச்சிட்டுத்தான் பிள்ளைகளுக்கு ஊத்துவோம். இல்லன்னா நாப்பது லட்சம் பிள்ளைகளுக்கும் அவரை அடையாளம் தெரிஞ்சிரும். பாவம், மனுசன் தெருவுல நடக்க முடியாது.”

“மூலம் வேண்டாம்னு சொன்னா?”

எபனேசர் அவளை ஒரு தடவை பார்த்தார். “ஒம்போதாவது விதி. மூலத்துக்கு அந்த உரிமை இருக்கு. இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல.”

கதவு திறந்தது. கோமதிநாயகம் வந்தார். எழுபத்தைந்து வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் கேட்புக் கருவி, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். மேடையில் மலை மாதிரி நின்ற மனிதர் இப்போது அவள் தோள் உயரம்தான் இருந்தார். பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மேசையில் வைத்தாள்.

“நீதானா தாயி அந்தப் பிள்ள? கோவிச்சுக்கிடாத, எனக்கு உன் முகம் பிடிபடல. முப்பத்தஞ்சு வருசத்துல எத்தனையோ பிள்ளைய. எந்தக் கணக்குல தோத்த?”

திருமொழி எதை எதையோ எதிர்பார்த்து வந்திருந்தாள். அதிகாரம் பண்ணுவார், நியாயம் பேசுவார், உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். மறந்திருப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் இந்த மனுஷனோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டைக்கு அவர் ஒருநாள்கூட வரவில்லை.

“பின்னம் சார். அரையும் மூணுல ஒண்ணும். நான் அஞ்சுல ரெண்டுன்னு போட்டேன். நீங்க ஏழு தடவ படிச்சீங்க. அப்புறம் தாளைக் குண்டூசியால என் சட்டையில குத்தி விட்டீங்க.”

“குண்டூசியா? நானா?” அவர் யோசித்தார். “குத்தியிருப்பேன். அப்பல்லாம் குத்துவேன்.”

தன் கைவிரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்:

“அஞ்சுல ரெண்டு எப்படி வந்துச்சு?”

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை, துறை கேட்கவில்லை, அந்த நாற்பது லட்சத்தில் ஒருவர் கேட்கவில்லை. அவளுக்கே தெரியாமல் வாய் பதில் சொல்லத் தொடங்கியது.

“அந்த வாரம் எங்க ஸ்கூல் கபடி டீம் ஆலங்குளத்துக்குப் போயிருந்தோம். மொதல் நாள் ரெண்டு ஆட்டம், அதுல ஒண்ணு ஜெயிச்சோம். அரை. மறுநாள் மூணு ஆட்டம், அதுலயும் ஒண்ணு ஜெயிச்சோம். மூணுல ஒண்ணு. ரெண்டு நாளையும் சேர்த்தா அஞ்சு ஆட்டத்துல ரெண்டு ஜெயிப்பு. அஞ்சுல ரெண்டு. அதைத்தான் போட்டேன்.”

கிழவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். இன்னொரு தடவை எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஏ, சரிதானே! கபடிக்கு அப்படித்தான கூட்டணும்! ஒரே அப்பத்துல பாதியும், மூணுல ஒரு பங்கும் எடுத்தா அது ஒரு கணக்கு. ஜெயிச்சதையும் ஆடினதையும் தனித்தனியாச் சேர்த்தா அது வேற கணக்கு. நான் ஒண்ணு கேட்டேன், நீ இன்னொண்ணுக்குச் சரியா விடை போட்டிருக்க. அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்லா!”

அந்த மகிழ்ச்சி அப்படியே அடங்கியது. அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

“தப்பு எம்மேலதான் தாயி. எப்படி வந்துச்சுன்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். உன்னத் தோத்தவன்னு மேடையில நிப்பாட்டுனேன், தோத்தது வாத்தியாரு. இன்னைக்குத்தான் எனக்கு விளங்குது. மன்னிச்சிரு.”

நல்ல மனம் படைத்தவர்கள் இந்த இடத்தில் கண் கலங்கியிருப்பார்கள். எபனேசர் கலங்கினார். திருமொழிக்கு வயிறுதான் எரிந்தது. இருபத்தாறு வருடம் அவள் சுமந்ததை இந்த ஆள் ஐந்து நிமிடத்தில் பாடமாகக் கற்றுக்கொண்டுவிட்டாராம்! மன்னிப்பும் கேட்டாயிற்றாம்! இனி லேசான மனசோடு வீட்டுக்குப் போய், விருதை வாங்கி, மாலையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். அவள் தோல்வியில் கடைசியாக மிச்சமிருந்த படிப்பினையையும் அவரே எடுத்துக்கொண்டு போகிறார். விடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

“எபனேசர் சார், அந்தப் படிவத்தைக் கொடுங்க.”

வாங்கி எழுதினாள்: முகம் இருக்கட்டும். குரலும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டாள்.

எபனேசர் அதைப் படித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த மெஷினுக்குக் கணக்குத் தெரியாது. தோத்ததுல இருந்து நீங்க கத்துக்கிட்டது எதுவோ, அதைத்தான் எடுக்கும். போன தடவ நீங்க சின்னப் பிள்ள. பயந்து போய் இருந்தீங்க, பயம் வந்துச்சு. அந்தப் பயத்துலதான் பிள்ளைய இவ்வளவு நாளும் சரியாப் போட்டுட்டு இருக்கு. இப்ப என்ன வரும்னு எனக்குத் தெரியாது.”

“நான் கணக்கு டீச்சர். கணக்குத்தான் வரும். போடுங்க.”

குல்லாவை மாட்டிக்கொண்டு கிழவரை நேராகப் பார்த்தாள். அவர் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. அவள் தன்னையே பார்க்கிறாளே, மன்னித்துவிட்டாள்போல என்று நினைத்துச் சிரித்தார். அவள் கண்ணை எடுக்கவே இல்லை. நாலு நிமிடம். பச்சை விளக்கு எரிந்தது.

எபனேசர் ஆழமானியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். “போன தடவ எழுவத்தொண்ணு. அதையே பெருசாப் பேசிக்கிட்டாங்க. இப்ப தொண்ணூத்தெட்டு.”

ஒரே வாரத்தில் புது வார்ப்பு மாநிலம் முழுவதும் போய்விட்டது. முன்னே ஊற்றிக்கொண்டவர்களுக்கும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினார்கள். திருமொழியின் வகுப்புக்கும்தான். அன்று அவளுக்குத் தலைவலி. விளக்கைப் பார்க்க வேறு ஆசிரியையை விட்டுவிட்டு ஓய்வறையில் படுத்திருந்தாள்.

விருது விழாவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. கோமதிநாயகம் பட்டுக்கரை வேட்டி கட்டி மேடை நடுவில் நின்றார். மாலையோடு பன்னிரண்டு பிள்ளைகள் மேடையேறினார்கள். இப்போது அவர் முகத்தைப் பார்ப்பார்கள், நடுங்குவார்கள், அழுவார்கள், ஒன்றிரண்டாவது மாலையைப் போட்டுவிட்டு ஓடும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு பிள்ளையும் நடுங்கவில்லை. ஒரு கையும் நெஞ்சுக்குப் போகவில்லை. அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. முதலில் நின்ற பெண் மாலையைப் போடாமல் தன் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒலிவாங்கியை எடுத்தாள்.

“சார், ஒரு சின்னக் கணக்கு. நூத்தி நாப்பத்து மூணைப் பதிமூணால வகுத்தா எவ்வளவு?”

சபை சிரித்தது. குழந்தை விளையாடுகிறது என்று நினைத்தார்கள். கிழவர் தடுமாறினார். விளக்கு வெளிச்சம், கூட்டம், வயது. “பன்னெண்டு,” என்றார்.

“பன்னெண்டு,” என்றாள் அந்தப் பெண். ஒலிவாங்கியை அடுத்த பையனிடம் கொடுத்தாள்.

“சார் பன்னெண்டுன்னு சொல்லுதாங்க,” என்றான் அவன். அடுத்தவளிடம் கொடுத்தான். “பன்னெண்டு.” அடுத்தவன். “பன்னெண்டாம்.” அவசரமே இல்லாமல் பன்னிரண்டு பேரும் சொல்லி முடித்தார்கள். நாலாவது பிள்ளையிலேயே சபை “பதினொண்ணு!” என்று கத்தத் தொடங்கியிருந்தது. வேடிக்கை என்றால் பெரியவர்களுக்குக் கேட்கவா வேண்டும்! கடைசியில் நின்ற பெண் பாராட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் பெரிதாகப் பன்னிரண்டு என்று எழுதி, நாலாக மடித்து, அவர் அணிந்திருந்த விருந்தினர் அட்டையின் ஊசியைக் கழற்றி அவர் சட்டையில் குத்திவிட்டாள். எப்படிக் குத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

உட்காரலாம் என்று யாரும் சொல்லாததால் விழா முடியும்வரை கோமதிநாயகம் அப்படியே நின்றார். கூட்டத்தில் திருமொழியைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வர வேண்டியது வந்துவிட்டது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

அவளுக்கு அப்படி ஓர் ஆனந்தம். ஒளிக்க என்ன இருக்கிறது? உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பன்னிரண்டையும் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பயப்படாமல் எப்படி இருந்தார்கள் என்ற ஒரு சின்ன உறுத்தல் நடுவில் வந்தது. அதைத் தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு கிழவரால் பால் வாங்கக்கூட வெளியே போக முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகள் ஒன்றும் செய்ய மாட்டார்கள். கல் எறிவது, கத்துவது எதுவும் கிடையாது. “பன்னெண்டு” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டே வாரத்தில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஓசூரிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தச் செய்தியைக் கேட்ட மறுநாள் திருமொழி உற்சாகமாக வகுப்புக்குப் போனாள். ஏழு ‘பி’ வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு மெலிந்த நோட்டு இருந்தது. பாட நோட்டு மாதிரி இல்லை.

“மூணாவது பெஞ்சு ஓரம், அது என்ன நோட்டு? கொண்டா.”

அந்தப் பெண் மறுப்புச் சொல்லாமல் கொண்டுவந்து நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து.

‘ஜூலை ஒன்பது. நெஞ்சில் ஏன் கை வைத்தோம் என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஜூலை இருபத்திரண்டு. காய்ச்சல் என்றேன். விளக்கு எரியட்டும் இரு என்றார்.

ஆகஸ்டு மூன்று. தண்ணீர் குடிக்கப் போகக் கேட்டேன். காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்தார்.’

பக்கம் பக்கமாகப் போனது. திருமொழிக்கு இவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

“யாரு உங்கள இதெல்லாம் எழுதச் சொன்னா?”

“யாரும் சொல்லல டீச்சர். புது வார்ப்பு ஊத்தினதுல இருந்து எழுதத் தோணுது. பழசெல்லாம்கூட நல்லா ஞாபகம் வருது.”

மற்ற முப்பத்தைந்து நோட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தாள். எபனேசர் சொன்னது இப்போதுதான் முழுவதுமாகப் புரிந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் தன் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டது பின்னம் இல்லை. பின்னத்தை ஒரே வாரத்தில் கற்றுவிட்டாள். மிச்ச வருடமெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளவும் காத்திருக்கவும்தான் கற்றாள். இயந்திரம் அதைத்தான் எடுத்தது. கோமதிநாயகத்தின் முகத்தை ஊற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாளே, அந்த நாலு நிமிடத்தில் அது எந்த முகம்? கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரின் முகம். அதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, அதுவும் சேர்ந்து நாற்பது லட்சம் பேருக்குப் போயிருக்கிறது.

எதையாவது செய்தாக வேண்டும் என்று பலகைப் பக்கம் திரும்பினாள். பழக்கம் விட்டுப்போன கை. ஏழை எட்டால் பெருக்கி ஐம்பத்து நாலு என்று எழுதினாள். முதுகுக்குப் பின்னால் முப்பத்தாறு பேனாக்கள் தாளில் ஊர்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் தான் எழுதியதைப் பார்த்தாள்.

திரும்பினாள். இந்த நேரத்தில் அவளுக்கு அந்தக் கிழவரைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. ஒரு வாத்தியார் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“தப்பு பண்ணிட்டேன்,” என்றாள். “அம்பத்தாறு வரணும். எப்படி அம்பத்து நாலு வந்துச்சுன்னு கேளுங்க, சொல்லுதேன். இதுலயும் நீங்க கத்துக்கிட ஏதாவது இருக்கும்.”

யாரும் கேட்கவில்லை. தேதியை எழுதி முடித்திருந்தார்கள்.

“இந்த நோட்டுல இருக்கதுக்கெல்லாம் சேர்த்துக் கேக்கேன். உங்க பேரக்கூட நான் கேட்டதில்ல. தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க.” இரண்டு கையையும் கூப்பினாள்.

கூப்பிய உடனே முப்பத்தாறு முகங்களும் ஒன்றுபோல மாறின. உதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக ஏறியது. கண் இமைக்கவில்லை. அன்று கிழவரைப் பார்த்த தன்னுடைய பார்வை வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

வருகைப் பதிவேட்டை அவசரமாகப் புரட்டி, மூன்றாவது பெஞ்சு ஓரத்துக்கு நேராக இருந்த பெயரைத் தேடிப் பிடித்தாள்.

“முத்தரசி, நீயாவது ஏதாவது கேளும்மா. திட்டணும்னா திட்டு. இப்பவே.”

முத்தரசி பேனாவை மூடினாள். நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். மிகவும் மரியாதையாக நின்றுகொண்டு சொன்னாள்:

“இன்னைக்கு ஒண்ணும் கேக்க மாட்டோம் டீச்சர். எங்களுக்கு இன்னும் எத்தனையோ வருசம் கிடக்குல்லா.”